ராட்டினம் நின்ற இடம்

திருச்சியைச் சுற்றி மூடிப்போன பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு நான் வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானாக ஆரம்பித்தது. எந்தச் சறுக்கு, எந்தக் குட்டி ரயில், எங்கே இருந்தது என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். திண்டுக்கல் ரோட்டுப் பூங்காவை மனை போட விற்றுவிட்டார்கள். திங்கட்கிழமை பொக்லைன் வருகிறது. எனக்கு மிச்சம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அங்கே ராட்டினம் நின்ற இடத்தை மட்டும் உறுதி செய்யவேண்டியிருந்தது.

அதை ஓட்டிய அண்ணனும், அதில் ஆட்களை ஏற்றி உட்காரவைத்த அவர் மனைவியும் இப்போது வையம்பட்டியில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார்கள். மதியத்தோடு கடையை மூடிவிட்டு எனக்காக வந்தார்கள்.

எனக்கோ ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்ட நினைப்பு. நான்கு சிமென்ட் மேடை, துருப்பிடித்த போல்ட்டுகள். வரைபடத்தில் பேனாவால் வட்டமே போட்டாகிவிட்டது.

"இது தண்ணி டேங்க் நின்னதும்மா," என்றார் அக்கா. "இதுல ராட்டினத்த வச்சிருந்தா மொத ரவுண்டுலயே எல்லாரும் புத்தூர் ஆஸ்பத்திரிதான்."

அண்ணன், ராட்டினம் அங்கே என்று குட்டி ரயில் ஓடிய பக்கம் கைகாட்டினார்.

"நீங்க மோட்டாரத்தான பாத்துட்டு இருந்தீங்க. சும்மா இருங்க," என்றார் அக்கா.

வரிசையில் முதலில் நிற்பவர்களையே அடுத்தடுத்து ஏற்றிவிட முடியாதாம். ஒரு பெட்டியில் கனத்த குடும்பம் ஏறினால், அரைச்சுற்று சுற்றி, எதிர்ப்பெட்டிக்கு அதே கனத்தில் ஆள் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். அக்கா கண்ணாலேயே எடை போடுவார். "நீங்க ஏறுனா எதிர்ல ரெண்டு பேரு வேணும்," என்றார் அண்ணனிடம்.

எடை போட வரிசை முழுக்கக் கண்ணில் பட வேண்டும். "கேட்ட நேராப் பாத்து நிப்பேன். சாயங்கால வெயில் முதுகுல அடிக்கும்." சொல்லிக்கொண்டே கேட்டைப் பார்த்தபடி பின்னால் நடந்தார். வரிசை முழுக்கக் கண்ணில் அடங்கும் தூரம் வந்ததும் ஒரு சீமைக்கருவேலப் புதரருகே நின்றார். அண்ணன் கொண்டுவந்திருந்த அரிவாளால் முள்ளைக் கழித்தார். நான் மண்ணைச் சுரண்டினேன். மணிக்கட்டுப் பருமன் போல்ட்டுகளோடு ஒரு மேடை. நாலு எட்டு தள்ளி இன்னொன்று. மற்ற இரண்டும் பக்கத்து மனைக்காரரின் காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் போய்விட்டன.

டேப் பிடித்து அளந்தேன். தப்பு வட்டத்தை அடித்துவிட்டு, கிடைத்த இரண்டை முழுக்கோட்டிலும், கிடைக்காத இரண்டைப் புள்ளிக்கோட்டிலும் போட்டேன்.

அக்கா வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். "ராட்டினத்தப் போட்டுட்ட. நான் நின்ன எடம்?"

பேனாவைக் கொடுத்தேன். அவரே ஒரு பெருக்கல் குறி போட்டார்.