மொச்சையை வடிக்காத நாள்

காய்ந்த பயறு நம்மைப் பழிவாங்காமல் இருக்க, அது ஊறின தண்ணீரைக் கொட்டணும். என் தொழில் அவ்வளவுதான். பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டு, மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்தேன். கேன்டீனில் தின்றுவிட்டு வயிறு உப்பி உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பாதிக் குற்றம் எங்களுடையது.

நுரை

சமையல்காரர் மாதேவண்ணா ஆனேக்கல்காரர். சாயங்காலம் மொச்சையை ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரண்டு தடவை அலசச் சொல்வார். புதுத் தண்ணீரில் ஒரு கொதி வந்ததும் அதையும் வடிக்கணும். அப்புறம்தான் இஞ்சி, பூண்டு, பெருங்காயம் எல்லாம்.

எனக்குக் கை கடுத்தது. பெருங்காயத்தைக் கூடப் போட்டால் போதாதா என்று கேட்டேன். ஊறின தண்ணீரில் மிதந்த நுரையைக் கரண்டியில் அள்ளி என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"குடிம்மா. நீ குடிச்சா நாளையிலேர்ந்து நானும் கொட்டல."

லைன்

எங்கள் கேன்டீனில் சாப்பிடும் பேச்சியக்கா தென்காசிப் பக்கம். அசெம்பிளி லைனில் ஸ்க்ரூ போடும் வேலை. மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒரு தடவை நகர்ந்ததற்கு எச்சரிக்கை வாங்கியிருந்தாள். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். பயிற்சிக் காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி.

மொச்சைக் குழம்பு நாளில் தட்டை நீட்டுவதற்கு முன்னாலேயே "வடிச்சியாட்டி?" என்பாள். காற்றுதானே அக்கா, விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்று சிரித்தேன்.

"ரெண்டு பக்கமும் ஆம்பள நிக்கான். அடக்கிக்கிட்டு ஒரு ஸ்க்ரூ போட்டுப் பாரு, அப்புறம் சிரி."

தண்ணீர் லாரி

அந்த வாரத்தில் ஒருநாள் தண்ணீர் லாரி வரவில்லை. மாதேவண்ணா ஊரில் சாவு என்று போயிருந்தார். டிரம்மில் இருந்தது சோற்றுக்கே சரி. மொச்சை ஊறின தண்ணீரைப் பார்த்தேன். ஒரு நாள்தானே என்று அதிலேயே வேகவைத்தேன். சீக்கிரம் வேக சோடா, சமாதானத்துக்கு இரண்டு பங்கு பெருங்காயம்.

பேச்சியக்கா வந்து வழக்கம்போல் கேட்டாள். பின்னால் நீள வரிசை. "ம்" என்றேன். அவளும் நம்பி இரண்டு கரண்டி வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்று ருசி பார்த்த கேன்டீன் சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம்.

"இன்னிக்குத்தான் குழம்பு கெட்டியா இருக்கு. தினமும் இப்படியே வைம்மா."

மூன்று மணி

மூன்று மணிக்கெல்லாம் கழிவறை வாசலில் கூட்டம். ஆண்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டு நின்றார்கள். பேச்சியக்கா மாற்று ஆள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறாள். லைன் நின்றுபோனது.

மறுநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேன்டீனில் விட்டிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்தாள். தண்ணீர் இல்லாததால் வடிக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"வடிக்கலன்னு சொல்லிருந்தா மோர் சோறு தின்னுட்டுப் போயிருப்பேம்லா."

இப்போது லாரி தவறாமல் வருகிறது, நானும் மூன்று தடவை வடிக்கிறேன், அக்கா நின்ற இடத்துக்கு வந்த புதுப் பெண் மட்டும் மொச்சையே தொடுவதில்லை.