தூணின் விலாசம்

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தச்சரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் பிழைக்க வந்த இந்தக் குளிர்நாட்டில், லாங்கன்தால் என்ற ஊருக்கு அருகே அறுநூறு வருடப் பழைய பண்ணை வீடொன்றைக் கழற்றி, வேறிடத்தில் மறுபடி பூட்டினார்கள். ஓர் இரும்பு ஆணிகூட இல்லாத மரச்சட்ட வீடு. புது இடத்து முற்றத்தில் அடுக்கியிருந்த மரங்களின் புகைக்கரியைத் துடைக்க, நான் வேலை செய்யும் துப்புரவு நிறுவனத்தார் என்னை அனுப்பினார்கள்.

தச்சர்களில் ஒருவர் எங்கள் ஆள், தமிழர். இந்நாட்டுத் தச்சர்களின் உடுப்பான அகலக் காற்சட்டை, கறுப்புத் தொப்பி, நரைத்த மீசை. எந்த மரத்தையும் பெருவிரலால் தடவிப் பார்த்த பிறகே தூக்குவார்.

கரி போன பின்பும் ஒரு தூணில் கீறல்கள் தெரிந்தன. குறை சொல்வார்களே என்று சொரசொரப்பான தாளால் தேய்த்தேன்.

“ஐயோ தங்கச்சி, நிப்பாட்டுங்கோ!”

“ஊத்தை எண்டு நினைச்சன், அண்ணை.”

“ஊத்தையோ? அது விலாசமெல்லோ! தூணிலை எத்தினை கோடோ, அதோடை சேருற மரத்திலையும் அத்தினை கோடு. இனி இதை எங்கை பூட்டுறது?”

எனக்கு அழுகை வந்தது. தேய்த்த இடத்தில் கோடுகள் கண்ணுக்குத் தெரியவில்லை.

“கையுறையைக் கழட்டிப்போட்டுக் கண்ணை மூடித் தடவுங்கோ” என்றார்.

தடவினேன். ஒன்று, இரண்டு, மூன்று...

“அண்ணை, நாலு! நாலு கிடக்கு!”

வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதில்லை. அவர் நாலு கோட்டு மரத்தைத் தூக்கி வந்தார். அதன் முனை தூணின் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

“பாத்தியளோ, ரெண்டும் இன்னும் கோவிக்கேல்லை!” என்று தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்.

அவர் என்னை ஏன் ஏசவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.

மறுநாள் என்னை ஒரு பல் வைத்தியரின் இடத்தைத் துடைக்க அனுப்பினார்கள்.