ஏரிக்கு அடியில் ஒரு மீடியம் வேவ்

வானொலி அறிவிப்பாளருக்கு ஒரு வசதி உண்டு: உளறும்போது கேட்பவர் முகம் தெரியாது. ஆரணி மாதிரி ஊரில் அந்த வசதி மறுநாள் காய்கறிக் கடை வரைக்கும்தான். தொண்ணூறுகளில், ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்த சின்ன மீடியம் வேவ் நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். வீட்டுக்கு வீடு தறி, தறிக்குப் பக்கத்தில் ரேடியோ. நெய்கிறவர்களுக்குக் கையும் காலும் வேலையாக இருப்பதால் யாரும் எங்களை அணைக்க மாட்டார்கள். மைக்கைக் கண்டதும் சொந்தப் பேரே மறந்துபோன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் பாடு புரியும்.

காணாமல் போனவர்

முள்ளிப்பட்டிலிருந்து ஓர் அம்மா அழுதுகொண்டே வந்தார். சண்டை போட்டுக்கொண்டு போன புருஷன் திரும்பவே இல்லை. கிணறு, தண்டவாளம் என்று ஏதேதோ நினைத்து நடுங்கினார். அவர் சொன்ன அடையாளங்களை மாலை ஒலிபரப்பில் படித்தேன்: மாநிறம், புருவத்தில் தழும்பு, கட்டம் போட்ட சட்டை. அன்று எனக்கே சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை நிலைய வாசலில் ஒருவர் நின்றார். புருவத்தில் தழும்பு! போளூரில் அக்கா வீட்டில் இருந்தாராம். டீக்கடை ரேடியோவில் தன்னைப் பற்றிக் கேட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். எனக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. அவரோ கோபமாக இருந்தார். "இன்னாம்மா, கட்டம் போட்ட சட்டைன்னு சொல்லிட்டீங்க? நான் போனது கோடு போட்ட சட்டைல. எம் பொண்டாட்டி என்னைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்லன்னு இப்ப ஊருக்கே தெரிஞ்சிபோச்சு!"

பெண் பார்க்க வந்தார்கள்

"ரேடியோவில் பேசற பொண்ணா?" என்று கேட்டு வந்த வரன்கள் நழுவிக்கொண்டிருந்தன. வேலையை விடச் சொல்லி அம்மா நச்சரித்தாள். அடுத்த இடத்திலிருந்து வந்தபோது பயத்தில் எனக்கு வாயே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். இதுவும் போச்சு என்று நினைத்தேன். என் வருங்கால மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகச் சிரித்தார். "நாள் பூரா பேசிகினே இருக்குமோன்னு பேஜாரா இருந்துச்சு. பரவால்ல, வீட்ல மைக் இல்லன்னா பொண்ணு அமைதிதான்."

உடையாத ஏரி

ஓர் ஐப்பசி மாலை. மழை விடவே இல்லை. "ஏரி ஒடைஞ்சிடுச்சாமே?" என்று போன் மேல் போன். தாழ்வான தெருக்களில் ஜனங்கள் பிள்ளைகளையும் தறிக்குச் சுற்றிவைத்த பட்டுப் பாவு நூலையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களாம். அவர்கள் ஓடிய வழியில் ஆறு. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம். உடையவில்லை என்று நான் சொல்லி, உடைந்திருந்தால்? சொல்லாமல் விட்டு, பாலத்தில் யாரையாவது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டால்?

எங்கள் இன்ஜினியர் சேகர் சார் டார்ச்சை எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறினார். தொப்பலாக நனைந்து திரும்பி வந்து, "கரை கெட்டியா இருக்கும்மா. மிஞ்சின தண்ணிதான் கலங்கல் வழியா வழியுது. ஜல்தி சொல்லு!" என்றார். பாட்டை நிறுத்தினேன். "ஏரி உடையவில்லை. ஆற்றுப் பக்கம் யாரும் போகாதீர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஜன்னலில் மழை மோதும்போதெல்லாம் என் கால்கள் தாமாகவே நாற்காலிமேல் ஏறிக்கொண்டன.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மறுநாள் கடைத்தெருவில் ஒரு நெசவாளர் என் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். "மொதல்ல நம்பலம்மா. அப்புறம் டீக்கடையில நின்னு யோசிச்சோம். ஏரி ஒடைஞ்சா மொதல்ல போறது உங்க ஸ்டேஷன்தான், இந்தம்மா இன்னும் பேசிகினு கீதேன்னு திரும்பிட்டோம்."

எஃப்.எம். வந்த பிறகு

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லோரும் செல்போனில் எஃப்.எம். கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் நிலையத்தை மூடப்போவதாகப் பேச்சு. பல மாதம் நிலையத்துக்கு வந்த ஒவ்வொரு தபாலையும் பயந்து பயந்து பிரித்தேன். கடைசியில் மூடவில்லை, உள்ளூர் நேரத்தைக் குறைத்ததோடு விட்டார்கள், என்னையும் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட்டும் மணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். "நல்லதுக்கா. எஃப்.எம்.ல சும்மா சிரிச்சிகினே கீறாங்க, எதுக்குன்னே தெரியல. நீங்கதான் மழை வரும்னு சொல்றீங்க. அது வர்றதில்ல, அது வேற விஷயம்."

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை நேராகப் பாராட்டியதில்லை, வாயை மூடச் சொன்னதும் இல்லை என்பதால், இந்த வேலையில் தேறிவிட்டேன் என்றே வைத்துக்கொள்கிறேன்.