தை மாதத்துத் தூரம்

பிளாரன்ஸ் தம் ஆய்வேட்டில் செய்த பிழையை வேறு ஊர் மாணவி எவரும் செய்திருக்க மாட்டார். 'தூரம்' என்று தலைப்பிட்ட நெடுவரிசையில் கிலோமீட்டருக்குப் பதிலாக நாள்களை நிரப்பியிருந்தார்: மூன்று, மூன்று, நான்கு, ஐந்து. நூற்றிருபது மாதங்களுக்கும் அப்படியே.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்கு அருகில், தோணி ஏஜென்சி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகச் சரக்குப் பட்டியல் தயாரிக்கிறார். மாலத்தீவுக்குப் போகும் தோணிகளில் எத்தனை பெட்டி தக்காளி, எவ்வளவு செங்கல் என்பதெல்லாம் அவர் தட்டச்சு செய்த பிறகுதான் சுங்கத்துறைக்குப் போகும். சில மாதங்களில் தக்காளி ஏன் அப்படிக் குறைகிறது, செங்கல் மட்டும் ஏன் குறைவதில்லை என்ற ஐயம் அவருக்கு நெடுநாளாக உண்டு. முதலாளி அய்யாக்குட்டி அண்ணாச்சியைக் கேட்டால், "அது அப்படித்தாம்மா" என்பார். அந்த விடை போதாமல்தான் பன்னாட்டுப் பொருளியலும் அயல்வணிக மேலாண்மையும் கற்பிக்கும் முதுகலைப் படிப்பில், மாலை வகுப்பில் சேர்ந்தார். மாமியாரின் நோய், மகளின் பொதுத்தேர்வு என்று இருமுறை இடைநின்றார். இம்முறை ஆய்வேடு ஏற்கப்படாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும்.

சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு. செவ்வாயன்று, வெளியூர்த் தேர்வாளரான பேராசிரியர் தனராஜின் குறிப்பு வந்து சேர்ந்தது. அந்த நெடுவரிசையைச் சிவப்பு மையால் சுழித்து, "தூரம் கிலோமீட்டரில் இருக்க வேண்டும். திருத்துக" என்று எழுதியிருந்தார்.

"அஞ்சு நிமிஷ வேலை, பிளாரன்ஸ்" என்றார் வழிகாட்டிப் பேராசிரியை இன்பமணி. "மாலத்தீவுக்கு எழுநூத்தி முப்பதுன்னு போட்டுக் கடைசி வரைக்கும் இழுத்துருங்க."

பிளாரன்ஸ் கணினி அட்டவணையில் அப்படியே இழுத்தார். எல்லா மாதத்துக்கும் ஒரே எண் வந்தது. மாறாத ஒன்றால் மாற்றத்தை விளக்க முடியாது; ஆகவே கணினி அந்த நெடுவரிசையையே கணக்கிலிருந்து விலக்கிவிட்டது. தூரம் கூடினால் வணிகம் குறையும் என்னும் பாடத்தைத் தம் ஊர்க் கடலில் சோதிக்க வந்த ஆய்வேட்டில், தூரமே இல்லாமற் போயிற்று.

அன்றிரவு வீட்டில் அவர் கணவர் ரோச் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். தோணியைச் செலுத்தும் தண்டல் அவர். மறுநாள் காலையில் பயணம்.

"மாலத்தீவு எவ்வளவு தூரம்?" என்றார் பிளாரன்ஸ், சண்டைக்கு வந்தவரைப் போல.

"ஏளா, எந்த மாசத்துக்குக் கேக்குத?"

"தூரத்துக்கு மாசம் உண்டோ?"

"இந்தத் தையில மூணு நாள். வாடைக் காத்து பின்னால நின்னு தள்ளும். சித்திரையில கச்சான் காத்து மூஞ்சிக்கு நேரா அடிக்கும், அஞ்சு நாள் ஆவும். இதைப் படிக்கவா இத்தனை வருசமா காலேஜுக்குப் போற?"

"உங்களாலதான் தப்பா எழுதினேன். கல்யாணமானதுல இருந்து நாள் கணக்குலயே சொல்லிப் பழக்கிட்டீங்க."

"பெயிலாப் போனா என் பேரைச் சொல்லு. துறைமுகத்துல எல்லாருக்கும் தெரியும்."

சிரிப்பு வந்தது. ஆனால் 'எந்த மாசத்துக்கு' என்ற சொல் அவரை விடவில்லை. மறுநாள் பழைய எண்களைத் திரும்ப இட்டார். நெடுவரிசைக்குப் 'பயண நாள்' என்று பெயர் மாற்றி, கிலோமீட்டரை அடிக்குறிப்புக்கு அனுப்பினார். அழுகும் சரக்கையும் அழுகாச் சரக்கையும் தனித்தனியே பிரித்துக் கணக்கிட்டார்.

சனிக்கிழமை தனராஜ் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தார். "கிலோமீட்டர் போடச் சொல்லியிருந்தேனேம்மா."

"முதல்ல அது பிழைதான், சார். எங்க வீட்டுல தூரத்தை நாள்லதான் சொல்லுவோம், பழக்கத்துல எழுதிட்டேன். திருத்தப் போனப்பதான், அதுதான் சரின்னு தெரிஞ்சது. தக்காளிக்குக் கிலோமீட்டர் தெரியாது, சார். நாள்தான் தெரியும்."

அட்டவணை பிளாரன்ஸின் பக்கம் நின்றது. பயணம் ஐந்து நாள் ஆகும் மாதங்களில் தக்காளி ஏறக்குறையப் பாதியாகியிருந்தது, செங்கல் அசையவில்லை.

"விலை ஏறினதால தக்காளி குறைஞ்சிருக்கலாமே?"

"அடுத்த பக்கத்துல விலையையும் சேர்த்துப் பார்த்திருக்கேன், சார்."

தனராஜ் பக்கத்தைப் புரட்டி, நிதானமாகப் படித்தார். பிறகு தம் பழைய சிவப்புக் குறிப்பைத் தாமே அடித்துவிட்டுக் கையொப்பமிட்டார். அதுவரை தொடாமல் வைத்திருந்த தேநீரை இன்பமணி ஒரே மடக்கில் குடித்தார்.

அன்று மாலை மாலத்தீவிலிருந்து ரோச் அழைத்தார். கணக்குத் தவறாமல் மூன்று நாளில் சேர்ந்திருந்தார்.

"பாஸா, பெயிலா?"

"பாஸ்."

"அப்ப என் பேரைச் சொல்லலையாக்கும்."

"சொல்ல வேண்டியே வரலை. அடிக்குறிப்புல அச்சாகியிருக்கு. பயண நாள் விவரம் தந்தவர், ரோச்."

மறுமுனையில் காற்றின் இரைச்சலுக்கு மேல் ரோச் குரலை உயர்த்தினார்.

"தண்டல்னு போட்டியா?"

"போட்டிருக்கேன்" என்றார் பிளாரன்ஸ்.