ஒரே ரோலில் வெட்டிய ஷீட்

எனக்குப் பொறாமை உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது? நகையைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டைப் பார்த்து எரிகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாலித்தீன் ஷீட்டைப் பார்த்து எரிந்தவள் இந்தக் கட்டபெட்டுப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நானும் என் ஓரகத்தியும், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி மனைவியும், ஒன்பது வருஷம் ஒரே எஸ்டேட்டில் தேயிலை பறித்தவர்கள். மழையில் நனைந்த கூடை முதுகை அறுக்கும். சாயங்காலம் நிமிர்ந்து நிற்க முடியாது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்த நிலத்தில் ஆளுக்கொரு பாலித்தீன் கூரை ஷெட் போட்டு ஜெர்பரா பூ வைத்த பிறகுதான் கூடையை இறக்கி வைத்தோம். ஷெட் நிற்கும்வரை நாங்கள் சொந்தத் தோட்டத்துக்காரிகள். ஷெட் போனால் மறுபடி எஸ்டேட்தான். அது எங்கள் இரண்டு பேருக்குமே நன்றாகத் தெரியும்.

கூரைக்கான ஷீட் கோயமுத்தூரிலிருந்து ஒரே ரோலாக வந்தது. வாசலில் உருட்டி விரித்து நடுவில் வெட்டினார்கள். மூத்தவள் என்கிற அதிகாரத்தில் முதல் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். "எதுனாலும் ஒண்ணுதானுங்கக்கா" என்று அவள் சிரித்தாள். மாட்ட வந்த ஆட்கள் காலைப் பனி விலகி வெயில் ஏறும்வரை பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குளிரில் இழுத்துக் கட்டினால் மதியம் தளர்ந்துவிடும், தளர்ந்த ஷீட்டைக் காற்று அடித்தே கிழித்துவிடும் என்றார்கள். அப்புறம் அன்றைக்கே இரண்டு ஷெட்டையும் மாட்டி முடித்தார்கள்.

மூன்றாவது வருஷம் என் ஷீட் பழுத்தது. பழைய வெள்ளைச் சட்டையின் காலர் மாதிரி ஒரு மஞ்சள். ஷீட்டின் உள்பக்கத்தில் ஒரு பூச்சு இருக்கும். பனி நீர் சொட்டாமல் வழிந்து ஓரத்துக்குப் போவது அதனால்தான். எனக்கு அதுவும் போய், காலையில் பூவின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கறை விழுந்த பூவை வியாபாரி தொடமாட்டார். அவளுடைய ஷீட்டோ வந்த நாள் போலவே இருந்தது. என் வரப்பில் நின்றால் உள்ளே அவள் கட்டியிருக்கும் சேலையின் நிறம்வரை தெரியும். அந்த நிறத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் அப்படி என்ன பாடுபட்டாள்? இலையில் சாம்பல் நோய் வந்தால் புள்ளி விழுந்த இலையைக் கையால் கிள்ளிப் போடுவாள். காலையில் காற்றுப் போக ஷெட்டின் பக்கத் திரையைச் சுருட்டிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்துவிடுவாள். நானோ வாரம் தவறாமல் கந்தகத்தைத் தண்ணீரில் கலந்து மெஷினால் அடித்தேன். செடிக்கு மட்டுமா? நோய் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நானே முடிவு செய்து, ஷீட் நனைய நனைய அடித்தேன். பாடுபட்டவளுக்கு மஞ்சள், சோம்பேறிக்குக் கண்ணாடியா? ரோலில் உள்ளே சுற்றியிருந்த பாதிதான் நல்ல சரக்கு, அது தெரிந்துதான் அவள் அன்றைக்குச் சிரித்தாள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஒரே ரோலுல என்ன நல்ல பாதி, கெட்ட பாதி? உனக்குப் பித்துப் புடிச்சிருச்சா?" என்றார் அவர்.

விடுவேனா? ஷீட் விற்ற கடைக்குப் போன் போட்டு, ஆளை வரவழைத்தேன். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கோத்தகிரி போயிருந்தார். வந்தவர் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி இரண்டு கையாலும் இழுத்தார். படக்கென்று முறிந்தது. நல்ல ஷீட் என்றால் இழுக்க இழுக்க நீண்டு, அப்புறம்தான் அறுமாம். பிறகு கூரைக் கம்பியை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, கந்தகம் அடிக்கறீங்களா?"

"அடிச்சா என்னங்க?"

"ஷீட்டுக்குள்ள வெயில் தாங்கறதுக்கு ஒரு மருந்து கலந்திருக்குதுங்க. கந்தகம் பட்டா அந்த மருந்து செத்துப்போயிரும். அப்பறம் வெயில் சும்மா உடுமா? ஷீட்டு மேல குத்தமில்லீங்க."

அவருக்கு டீ கொடுத்து அனுப்பினேன். வீட்டில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஷீட்டுக்கு வயசாகிவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வளர்த்த ஆடுகள் இரண்டும் போய்ப் புது ஷீட் வந்தது. கந்தக மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டு, ஓரகத்தியைப் போலவே இலையைக் கிள்ளினேன், திரையைச் சுருட்டினேன். புது ஷீட் வந்தும் எனக்கு மனசு குளிரவில்லை. பஸ் ஸ்டாப்பில் பெண்கள், "உன்ற ஓரகத்தி ஷீட்டு அஞ்சு வருசமாகியும் அப்படியே நிக்குது பாரு, என்னா கை ராசி!" என்பார்கள். கை ராசியாம்!

அந்தப் பருவத்தில் அவள் செடியில் சாம்பல் நோய் கடுமையாக வந்தது. கிள்ளிக் கிள்ளி முடியாமல் என்னிடம் வந்து நின்றாள்.

"நீங்க முன்ன என்னமோ அடிப்பீங்களேக்கா, அது கேக்குமுங்களா?"

ஒரு நிமிஷம் போதும், வேறு மருந்து சொல்லியிருக்கலாம். நான் பரணில் ஏறி மூட்டையை இறக்கிக் கொடுத்தேன். "வாரா வாரம் அடி. கூரை வரைக்கும் நல்லா அடி" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

நோய் போனது. அதற்கு நன்றி சொல்லி ஒரு படி அவரைக்கொட்டை கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஷீட்டில் மஞ்சள் விழுகிறதா என்று தினமும் வரப்பில் நின்று பார்த்தேன். முதல் மஞ்சள் தெரிந்த அன்றைக்கு எனக்கு நல்ல பசி எடுத்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் அன்றைக்கு நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த ஆடிக்காற்றில் அவள் கூரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கிழிந்தது. மழை நான்கு நாள் விடவில்லை. நான் போனபோது செடியெல்லாம் குருத்து அழுகிக் கிடந்தது. அவளிடம் விற்க ஆடும் இல்லை. நடுப்பாத்தியில் நனைந்துகொண்டு நின்றவள் என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமையிலிருந்து எஸ்டேட்டுக்குப் போறேனுங்கக்கா, பேரு குடுத்துட்டேன். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"உங்க ஷீட்டு போனப்ப, நீங்க சரியாப் பாத்துக்கலைன்னு நாலு பேருகிட்டச் சொல்லிட்டேனுங்க. இப்பத்தான் தெரியுது, அந்த ரோலே சரியில்லைன்னு. உங்களப் போயித் தப்பாப் பேசிட்டேன். அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க."

பரண், மூட்டை, கடைக்காரர் சொன்னது எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட, உடு கண்ணு. நான் அதையெல்லாம் பெருசா எடுத்துக்கல" என்றேன். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.