ஷாஃப்ட் மூடிய ஞாயிறு

நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவதை எங்கள் தெருவில் இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை. ஆரம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை வாசலில் வந்து நின்று, "இன்னா சிஸ்டர், வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டார். விண்வெளிக் கப்பல் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

இது பெங்களூரு ரயிலில் பிறந்த பழக்கம். விடிகாலை வண்டியில் ஒரே பெட்டியில் வேலைக்குப் போய் ஒரே பெட்டியில் திரும்பும் பத்துப் பேர் நாங்கள். என் தம்பிதான் முதலில் இந்த விளையாட்டைத் தொற்றவைத்தான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் ஒரே வானத்தில் கப்பல் ஓட்டும் விளையாட்டு அது. பாதுகாப்பான பகுதிகளில் காவல் உண்டு. அங்கே சம்பாத்தியம் குறைவு. காவல் இல்லாத பகுதிகளில் நல்ல தாதுப்பாறைகள் கிடைக்கும், ஆனால் யார் வேண்டுமானாலும் யாரையும் சுடலாம். அந்தப் பகுதிகளுக்கு வானத்தில் திடீர் திடீரென்று திறக்கும் ஓட்டைகள் வழியாகப் போகவேண்டும். மற்றவர்கள் அதை என்னவோ சொல்லட்டும், நாங்கள் ஷாஃப்ட் என்போம், சுரங்கத்துக்குள் இறங்கும் குழியைச் சொல்வதுபோல. கோலார் தங்கவயல்காரர்களுக்கு வேறென்ன வாயில் வரும்?

கனமான கப்பல் ஒன்றை ஷாஃப்ட்டுக்குள் விட்டு வெளியே எடுத்தால் அது மூடிக்கொள்ளும். எதிரி பின்னாலேயே வராமலிருக்க அதுதான் வழி. இந்த மூடும் வேலை, வெளியே காத்து நிற்கும் பதினோராவது ஆளான கோலார்க்காரருடையது. தங்கவயலுக்குப் பக்கத்து ஊரான கோலாரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். தம்பியின் அலுவலக நண்பர் மூலம் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் முகத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு சர்ச்சில் ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, இரண்டரை மணிக்குப் பத்துப் பேரும் உள்ளே இறங்கினோம். நான் சரக்குக் கப்பல். மற்ற ஒன்பது பேர் வெட்டும் தாது என் கப்பலில்தான் ஏறும். எட்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து சேர்த்துக் கட்டிய கப்பல் அது. சுட்டால் போனதுதான், திரும்பக் கிடைக்காது. விளையாட்டுதானே என்று சொல்கிறவர்கள் எட்டு மாதம் எதற்காவது உட்கார்ந்து பார்க்கட்டும்.

மூன்றரைக்குத் திரையில் எதிரிகளின் சிவப்புப் பெயர்கள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு ஐந்து.

"எல்லாம் வுட்டுட்டு வெளிய ஏறுங்க! அக்கா, நீ எண்ணு!" என்றான் தம்பி.

ஆள் எண்ணுவது எப்போதும் என் பொறுப்பு. ஒவ்வொரு கப்பலாக ஷாஃப்ட்டுக்குள் நுழைவதைப் பார்த்து எண்ணினேன். தம்பி எட்டாவது. ஒன்பதாவது ஆள் பாறையில் மிச்சம் வைக்க மனமில்லாமல் நின்றான். அவனைத் திட்டி ஓட்டினேன். ஒன்பதும் போனதும் மைக்கில் சொன்னேன்: "எல்லாரும் வந்தாச்சு."

சொல்லிவிட்டு என் கப்பலைத் திருப்பினேன். சரக்குக் கப்பல் திரும்பவே அரை நிமிஷம் ஆகும். திரும்பி முடிப்பதற்குள் ஷாஃப்ட் இல்லை.

"யார்யா மூடுனது? நான் உள்ள கீறேன்!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன், அவற்றை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேறு.

"சாரி மேடம்" என்றார் கோலார்க்காரர்.

"இன்னா சாரி? ஆளு உள்ள கீறாங்களான்னு பாக்க மாட்டியா? கண்ணு எங்க வச்சிருந்த?" என்று தம்பியும் தன் பங்குக்கு ஏறினான். அவனைவிடப் பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. கோலார்க்காரர் மறுபடியும் சாரி சொன்னார்.

எனக்கு இரண்டே வழி. கப்பலை நானே வெடிக்கவைத்துவிட்டு வீட்டுத் தளத்தில் விழித்துக்கொள்ளலாம். அல்லது ஒளிந்திருக்கலாம், வெளியிலிருந்து யாராவது புதிய ஷாஃப்ட் கண்டுபிடிக்கும்வரை. தேடும் கருவி என் கப்பலில் கிடையாது. ஒளிந்தேன். நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை இடம் மாறவேண்டும், இல்லையென்றால் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள். மாறிக்கொண்டே இருந்தேன்.

அப்படி மாறிக்கொண்டிருந்த ஒரு நேரத்தில்தான் உறைத்தது. எல்லாரும் வந்தாச்சு என்று சொன்னது நான்தானே?

அப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் மேஸ்திரி. ஷிப்ட் முடிந்து தன் ஆட்களை மேலே இழுக்கும் கூண்டில் ஏற்றிவிட்டு, எல்லாரும் ஏறியாச்சு என்று மேலே சொல்லி அனுப்புவார். அவர் கீழேதான் நிற்பார். எண்ணுகிறவன் தன்னை எண்ணமாட்டான் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். கூண்டை மறுபடி இறக்குவார்கள். வீட்டிலும் அதே கதைதான். எல்லாரும் சாப்ட்டாச்சா என்று கேட்டால், ஆச்சு என்பாள் அம்மா, தான் சாப்பிடாமலேயே. சர்ச்சில் சுற்றுலாவுக்கு வேன் பிடித்தாலும், எண்ணுகிற ஆள் தன்னை விட்டுவிட்டுத்தான் எண்ணுவார். எங்களூரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. மூடும் கப்பலில் தம்பி இருந்திருந்தால் எனக்காகக் காத்திருப்பான். கோலார் பக்கத்து ஊர்தான், ஆனால் அவர் கேட்டது நான் சொன்ன வார்த்தையை.

அப்போதே மைக்கில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஐந்து மணிக்கு ஒருவர் மாலைப் பூசைக்கு என்று கிளம்பினார். ஒருவருக்கு மாமியார் வந்துவிட்டார். தம்பிகூட, "கப்பல வுட்டுடுக்கா, வேற கட்டிக்கலாம்" என்றான். தேடிக்கொண்டிருந்தது கோலார்க்காரர் ஒருவர்தான். தப்பு தன்னுடையது என்று நினைத்துத் தேடுகிறார். இல்லை என்று தெரிந்தால் அவரும் டீ குடிக்கப் போய்விடுவார் என்று பயந்தேன். எட்டு மாதக் கப்பல். வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அவர் குரல் வந்தது. "மேடம், ஒண்ணு கிடைச்சிருக்கு. இடம் அனுப்புறேன், நேரா வாங்க."

போனேன். பாதி வழியில் இரண்டு சிவப்புக் கப்பல்கள் பின்னால் ஒட்டிக்கொண்டன. முதல் குண்டில் கவசம் போனது, இரண்டாவதில் பாதி உடம்பு. மூன்றாவது விழுவதற்குள் நான் வெளியே இருந்தேன். அழுதேவிட்டேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

"வந்துட்டீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"வந்துட்டேன்" என்றேன். சொல்லவேண்டியதைச் சொல்லக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர் போயிருந்தார். குழுவின் பெயர்ப்பட்டியலிலிருந்தும் போயிருந்தார்.

வெட்கம் அப்போதுதான் வந்தது. தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். "சரி வுடுக்கா, கப்பல் வந்துச்சில்ல" என்றான். விட முடியவில்லை. கோலார்க்காரருக்கு நீளமாகச் செய்தி எழுதினேன்: தவறு என்னுடையது, தெரிந்த பிறகும் இரண்டு மணி நேரம் சொல்லாமல் இருந்தேன், மன்னியுங்கள், திரும்பி வாருங்கள்.

புதன்கிழமை காலை ரயிலில் பதில் வந்தது. திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

"பரவால்ல மேடம். எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னீங்க. அந்த எல்லாருல நீங்களும் ஒருத்தர்னு நெனச்சுட்டேன்."