தோசைக்கல்லில் தோற்ற கருவி

எரிவாயுக் குழாய் உள்ளே தேய்ந்திருக்கிறதா என்பதை, அறுக்காமல் வெளியிலிருந்து ஒலியை வைத்தே அளந்துவிடலாம் என்பாள் என் கல்லூரித் தோழி சுமதி. அதுதான் அவள் வேலை. நான் முழுதாக நம்பியதில்லை. "வந்து பாத்துட்டுச் சந்தேகப்படு" என்று அனுமதி வாங்கித் தந்தாள். போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

அருப்புக்கோட்டையில் காலை 7.10க்குத் திருச்சுழி பஸ், டிக்கெட் 15 ரூபாய். பாதி வழியில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, 120 ரூபாய். "கேஸு குழியா? அதுல பாக்க என்ன இருக்கு?" என்றார் ஆட்டோக்காரர். எனக்கும் அதே கேள்விதான்.

பருத்தி எடுத்து முடிந்த கரிசலில், குழாயை ஆய்வு செய்யத் தோண்டிய ஆளுயரக் குழி. அடியில் பூச்சு சுரண்டிய குழாய். உள்ளே எரிவாயு ஓடிக்கொண்டிருந்தது. அறுபது அடி தள்ளிப் பாண்டியம்மாளின் வீடு. பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா, அருப்புக்கோட்டையில் தம்பி வீட்டுக்கு அனுப்புவதா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தம்பி விசைத்தறி மெக்கானிக். அவரிடம் வாங்கிய, தடிமன் அளக்கும் வெர்னியர் அளவியும் தன் தோசைக்கல்லுமாகப் பாண்டியம்மாள் வந்து நின்றார்.

"மொதல்ல இத அளங்க மேடம்."

சுமதி ஜெல் தடவிச் சென்சாரை வைத்தாள். திரையில் 7.1 மில்லிமீட்டர். வெர்னியரில் 5.6.

"ஒங்க டப்பாவப் பாத்ததும் என் கல்லு வீங்கிருச்சாக்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேய்ந்த குழாயையும் இப்படித் தடிமனாகக் காட்டினால்?

சுமதி கோபப்படவில்லை. "ஒலி போயிட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னுதான் இது பாக்குது அக்கா. குழாய் எஃகு. உங்க கல்லு வார்ப்பிரும்பு, அதுல ஒலி மெதுவாப் போகும். எஃகுக்கு வச்ச கணக்கை மாத்தாம அளந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"எஃகுன்னா டிராக்டர் கொழு கெடக்கு. அத அளப்பீகளா?"

துருவைத் தேய்த்துவிட்டு அளந்தார்கள். வெர்னியரில் 10.2. திரையிலும் 10.2. பாண்டியம்மாள் இன்னொரு முறையும் அளக்கச் சொன்னார்.

பிறகுதான் குழாய். சுற்றிலும் 6.4, அடிப்பக்கத்தில் உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் 4.3. சுமதி மேலேறித் தள்ளிப் போய், வாயு அழுத்தத்தைக் குறைக்கும்படி கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தாள். அந்த இடத்துக்கு எஃகு உறை போட நான்கு நாளாகும் என்பதைப் பாண்டியம்மாளிடம் அப்படியே சொன்னாள்.

"நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருந்தா எங்களுக்கு என்ன தெரியும்? இருக்கறதச் சொன்னீகளே தாயி, அது போதும்."

திரும்பும் ஆட்டோவில் அவர் மகளும் ஏறிக்கொண்டாள். பள்ளங்களில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்படி ஓர் ஆய்வைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: முன்அனுமதி கட்டாயம். மூடிய காலணி, இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், நிழல் கிடையாது. குழியருகே செல்போனை அணைத்துவிடுங்கள். உங்கள் நிலத்திலேயே எரிவாயுக்காரர்கள் குழி தோண்டினால் பாண்டியம்மாளைப் போல அளந்து காட்டச் சொல்லுங்கள். தோசைக்கல் வேண்டாம், எஃகில் ஏதாவது கொண்டுபோங்கள்.

ஆனால் அவர் தோசைக்கல்லைத்தான் கொண்டுவந்தார் என்பதில் எனக்கு நன்றி உண்டு. "தப்பு என்னோடது" என்று சுமதி சொன்ன பிறகுதான் அந்த 4.3ஐ நான் நம்பினேன்.